துணைக்கு ஓர் ஆள்

"ஆராயி எங்கயும் வரமாட்டாளுங்க நர்ஸம்மா. காலையில ரெண்டு உருண்டை களி தின்னா. அவளுக்கு என்னங்க கேடு?"

மூன்றாவது வாரமும் கரடியூருக்கு மூச்சிரைக்க ஏறி வந்த நர்ஸ் மல்லிகாவை, ஆராயியின் புருஷன் வெள்ளையன் வாசலிலேயே மறித்துவிட்டான்.

எல்லாம் சேலத்தில் நடந்த அரைநாள் பயிற்சியில் ஆரம்பித்தது. பிள்ளை பெற்ற சில பெண்கள் காரணமில்லாமல் அழுவார்கள், தூங்கமாட்டார்கள், அது வியாதி, அதற்கு மருந்து உண்டு என்றார்கள். புதன்கிழமைதோறும் ஏற்காடு ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டரம்மா வருவார், அப்படிப்பட்டவர்களைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். மற்ற நர்ஸுகள் டீயும் பன்னும் எப்போது வரும் என்று பார்த்திருக்க, மல்லிகா மட்டும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள்.

மலையேறியதும் அவளுக்கு ஆராயியின் ஞாபகம்தான் வந்தது. தலைச்சன் பிள்ளை பிறந்து இரண்டு மாதம். எடை போடப் போகும்போதெல்லாம் ஆராயி வாயே திறக்கமாட்டாள். கண் கலங்க மல்லிகாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

'அதேதான்!' என்று மல்லிகா முடிவு கட்டினாள். நாலு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள் அவள். தாய்மார்களின் மனசு தனக்குத் தெரியாதா என்று ஒரு நினைப்பு.

ஆனால் மனநல டாக்டர் என்று சொன்னால் வெள்ளையன் பூசாரியிடம் ஓடுவான். அதனால் முதல் வாரம் ஒரு சின்னப் பொய் சொன்னாள்.

"ஆராயிக்கு ரத்தம் கம்மிங்கண்ணா. பெரிய டாக்டர்கிட்டக் காட்டணும்."

வெள்ளையன் பயந்துபோய் ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையுமாகப் போட்டான். புதன்கிழமைக்குள் ஆராயியின் கன்னம் பளபளத்தது.

"ரத்தம் ஊறிருச்சுங்க. டாக்டரு வேண்டாமுங்க."

இரண்டாவது வாரம் பொய்யைக் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

"ரத்தமில்லீங்கண்ணா, நரம்பு. வந்திருக்கறது நரம்பு டாக்டர்."

புதன்கிழமை பஸ் ஏற வந்தால் ஆராயியைக் காணோம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பதினோரு கிழவர்கள் நின்றார்கள்.

"ஆராயிக்கு நரம்பு நொம்ப கெட்டிங்க. இவிங்களக் கூட்டிப் போங்க" என்றான் வெள்ளையன்.

டாக்டரம்மா பொறுமையாகப் பதினோரு ஜோடி முழங்கால்களையும் பார்த்தார். பிறகு மல்லிகாவைத் தனியே கூப்பிட்டு, "அடுத்த வாரம் பிள்ளை பெத்தவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார்.

இப்போது மூன்றாவது வாரப் புதன்கிழமை. மல்லிகாவிடம் புளுகுவதற்கு உடம்பில் வேறு பாகம் மிச்சமில்லை.

"ஏனுங்கண்ணா, உண்மையச் சொல்லிடறேன். சீக்கு எனக்குத்தான்" என்று ஆரம்பித்தாள். "தூக்கமே இல்லீங்க. எதுக்குன்னே தெரியாம அழுகை அழுகையா வருது. டாக்டர்கிட்டத் தனியாப் போகப் பயமா இருக்குது. துணைக்கு ஆராயிய அனுப்புங்க."

பொருத்தமாக இருக்கட்டும் என்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடப் பார்த்தாள். அது தாரையாகக் கொட்டியது. மூக்கும் ஒழுகியது. விக்கல் வேறு. பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக மட்டுமே நிற்கவைக்கப்பட்ட தனக்குள் இவ்வளவு நடிப்பா என்று மல்லிகாவே அசந்துபோனாள். நிறுத்தத்தான் தெரியவில்லை.

வெள்ளையன் ஆடிப்போனான். "அட சாமி! இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க?"

அவன் திரும்புவதற்குள் ஆராயி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, குடையோடு வந்து நின்றாள்.

பஸ்ஸில் ஆராயி மல்லிகாவின் கையை விடவே இல்லை. 'பாவம், பயப்படுகிறாள்' என்று மல்லிகா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்ட பெருமை வேறு.

ஆஸ்பத்திரியில் ஆராயியை நாற்காலியில் உட்காரவைத்து, தான் பின்னால் நின்றுகொண்டாள்.

"இந்தப் பொண்ணுதாங்க டாக்டரம்மா. வாயத் தொறக்கமாட்டா, நான் சொல்றேன். அடுப்புல பால் பொங்கி வழியும், பார்த்துட்டே நிப்பா. கொழந்தை அழுதாத் தூக்கறதுக்குக் கை வராது. இது வேற யாருக்காச்சும் பொறந்திருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு தோணும். இதை வெளிய சொன்னா நாமெல்லாம் ஒரு தாயான்னு..."

மல்லிகா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரம்மா ஒரு தம்ளர் தண்ணீரை நகர்த்தினார். மல்லிகா அதை வாங்கி ஆராயியிடம் நீட்டினாள். ஆராயி வாங்கவில்லை.

"ஏம்மா, நர்ஸம்மா சொல்றதெல்லாம் நெஜமா?" என்று டாக்டரம்மா ஆராயியைக் கேட்டார்.

ஆராயி எழுந்தாள். மல்லிகாவின் தோளைப் பிடித்து மெதுவாக நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"அத்தனையும் நெசந்தானுங்க. ஆனா பால் பொங்கறதுக்கு எங்கூட்டுல மாடே இல்லீங்களே! எம்புள்ளைய எடை போட வர்றப்பல்லாம் இவிங்கதானுங்க அழுவறாங்க. தனியா வரமாட்டாங்கன்னுதான் நானு கூட்டியாந்தேன்."