கட்டைவிரல் எட்டாத போன்

புதுமடம்,
செவ்வாய், அசர் தொழுத பிறகு.

ஷார்ஜா போன் கடையில் வேலை பார்க்கும் அன்பு மருமகன் இஃப்திகாருக்கு மாமா பாக்கர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மாமியும் சுகமே. நீங்கள் அனுப்பிய போனைத் தவிர வேறு நோவு எங்களுக்கு இல்லை. அதில் தட்டி எழுத விரல் வராததால், காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

மாப்பிள்ளை, கல்யாணத்தின்போது ஒரு போன் கொடுத்தீர்களே, அது உள்ளங்கையில் அடங்கும். கைலிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டின் பைக்குள் போட்டால் இருப்பதே தெரியாது. மூன்று தடவை கடலில் விழுந்தும் உப்பைத் துடைத்ததும் பேசியது. அது மண்டையைப் போட்டதும் அதே மாதிரி இன்னொன்று கேட்டேன். நீங்கள் அனுப்பியது போனா, வெங்காயம் நறுக்கும் பலகையா? பெல்ட்டில் பாதிதான் நுழைகிறது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜும்மாவுக்குப் போனேன். ருகூவுக்குக் குனிந்ததும் விழுந்து, பாயில் சறுக்கி, முன்வரிசை ஹசன் அலியின் குதிகாலில் இடித்தது. தொழுகை முடிஞ்சதும், "என்ன பாக்கர் காக்கா, டிவியத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கு வாரீக?" எங்குறான்.

ராமநாதபுரம் கடையில் போய்க் கேட்டேன். "பாய், சின்னது வேணும்னா பட்டன் போன் இருக்கு. தண்ணி இறங்காம, மேப் நல்லாக் காட்டணும்னா எல்லாமே இந்த சைஸ்தான். சின்னத ஒருத்தரும் வாங்குறதில்ல, கம்பெனிக்காரனே நிறுத்திட்டான்" என்றார் கடைக்காரர். ஒருத்தரும் வாங்கலையா? அப்ப நான் யாரு? விக்காம இருந்துக்கிட்டு வாங்கலேன்னா என்ன நியாயம்? அந்தக் கம்பெனிக்காரன் ஒருநாளாவது வலது கையால சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு இடது கையால போன் பார்த்திருப்பானா?

முந்தாநாள் நனைந்த கைலியைக் காயப் போட்டுவிட்டு, இடுப்பில் துண்டோடு வள்ளத்தை ஓட்டி வந்தேன். "கரைக்கு வாரேன்" என்று மாமியிடம் சொல்ல, போனின் மேல் மூலையைத் தொட வேண்டும். கட்டைவிரல் எட்டவில்லை. எக்கினேன். போன் சரிந்தது, விரல் எங்கேயோ பட்டது, தேவிபட்டினத்தில் இருக்கும் உங்கள் உம்மாவுக்கு வீடியோ கால் போய்விட்டது. அங்கே சம்பந்தியம்மா, இங்கே நான் துண்டோடு! "யா அல்லாஹ்!" என்று ஒரு சத்தம். கால் கட். அடுத்த நிமிடம் அவரிடமிருந்து சிவந்து கொதிக்கும் கோபமூஞ்சிப் படம் ஒன்று வந்தது. அதோடு பேச்சில்லை. வெள்ளிக்கிழமை சுஹாவைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வரணும். என் மகளைக் கூட்டிவர அந்த வாசல்ல நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்? மாமி ரெண்டு நாளா அழுவுறா. உங்க உம்மாவுக்கும் கொஞ்சம் வீம்பு ஜாஸ்திதான் மாப்ள. வேணும்னேவா ஒரு மனுசன் துண்டோட வீடியோ போடுவான்?

நீங்கள்தான் அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். எந்த மூலையில் கிடந்தாலும் ஒரு சின்ன போனைத் தேடி அனுப்பவும் வேண்டும்.

உங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தும் உடம்புக்கு ஆரோக்கியமும் கிடைக்க துஆச் செய்யும்,
மாமா பாக்கர்.

பி.கு.: இதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பப் போனேன். விரல் சறுக்கி, வீம்பு உட்பட எல்லாம் உங்கள் உம்மாவுக்கே போய்விட்டது. உடனே அவரிடமிருந்து போன் வந்தது. பிஸ்மி சொல்லி எடுத்தேன். "சம்பந்தி, நான் எங்க கோவப்பட்டேன்? ஒரு கையில கரண்டி. பரவாயில்லன்னு சிரிச்ச மூஞ்சி அனுப்பப் போனேன், கட்டைவிரல் எட்டல, செவத்த மூஞ்சி போயிருச்சு. நீங்கதான் கோவிச்சுக்கிட்டுப் பேசலன்னு நெனச்சேன். என் மகன் எனக்கும் அதே பலகையத்தான அனுப்பியிருக்கான்!" என்றார். வெள்ளிக்கிழமை அவரே சுஹாவைக் கூட்டி வருகிறார். வீம்பைப் பற்றி அப்போது நேரில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். சின்ன போன் ரெண்டாக அனுப்பவும்.