இரண்டு வாளி வைத்தியம்

உலகத்தில் யார் யாரோ எதையெதையோ கண்டுபிடித்திருக்கிறார்கள். தொழிலாளிக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்த பெருமை மட்டும் எங்கள் றப்பர்த் தோட்டத்தையே சேரும். தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. எஹலியகொடைக்கு மேலே, மழை பெய்தால் பஸ் ஏறாத இடம். அந்த வரலாற்றுச் சாதனையின்போது நலன்புரி உத்தியோகத்தராக இருந்தவன் பாக்கியநாதன் என்கிற அடியேன். ஆட்கள் என்னை 'வெல்பெயார் ஐயா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு என்னவோ சொல்கிறார்களாம். அது என் இலாகாவுக்குள் வராது.

இடுப்பு முதன்முதலாகச் செலினாவிடம்தான் தென்பட்டது. செலினா இருபத்திரண்டு வருடமாக எங்களுக்குப் பால் வெட்டுகிறவள். விடியும்போதே முந்நூறு மரத்தைக் கீறிவிட்டு, பிறகு சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் சேர்த்து, நிறைந்த வாளியை வலது கையில் தூக்கிக்கொண்டு மேட்டிலிருக்கும் பால் ஸ்டோருக்கு ஏறுவாள். நல்ல வேலைக்காரி. ஒரேயொரு குறை, வலிக்கிறது என்றாள்.

"எங்க வலிக்குது?"

"முதுகு முடிஞ்சு இடுப்பு தொடங்குற எடத்துலங்க ஐயா. ரெண்டு வருசமா குளிச தின்னு பாத்துட்டேன். உக்காந்தா எந்திரிக்க முடியல, எந்திரிச்சா உக்கார முடியல."

"அப்ப நின்னுக்கிட்டே இரு" என்றேன். நலன்புரி என்றால் தீர்வு உடனே வர வேண்டும்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு சீட்டை நீட்டினாள். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இஸ்ரா என்கிற பிசியோதெரபி பிள்ளை அவளைப் பார்த்து எழுதிக் கொடுத்தது.

"அந்தப் புள்ள என்னைய ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, மொழங்கால மடக்கி, இடுப்புல கைய வச்சு மெதுவா ஒரு தள்ளு தள்ளுச்சுங்க. அம்மாடி! திரும்பி வரும்போது பஸ்ல உக்காந்து வந்தேன் ஐயா. உக்காந்து!"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்ததற்காக அழுத மனிதப் பிறவியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஆனா வாளியத் தூக்குனா மறுபடி அதே கதிதான்னு சொல்லிருச்சு. ஆறு கெழமைக்கு மட்டும் றப்பர்க் கண்டு நர்சரியில லேசு வேல போட்டுக் குடுங்க ஐயா. இல்லேன்னா இந்தக் காலு இனி மேடு ஏறாதுங்க."

சீட்டில் வியாதியின் பெயர் கம்பீரமாக இருந்தது: சாக்ரோ இலியாக் மூட்டு வலி. அதன் கீழே மூன்று வசனம். ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, பாரம் தூக்கக் கூடாது, லேசான வேலை கொடுக்கவும். காலையும் மாலையும் உடற்பயிற்சி. அதற்குப் பிறகும் ஒரே பக்கமாகப் பாரம் சுமக்கக் கூடாது.

தோட்டத்து மனேஜரான தொரையிடம் கொண்டுபோனேன். தொர அறிவாளி. ஒரே மூச்சில் மூன்றையும் படித்துவிட்டு முதல் வசனத்தை அடித்தார்.

"இது வைத்தியம் இல்ல, நிர்வாகம். ஆஸ்பத்திரி இதுல தலையிட ஏலாது."

இரண்டாவதைப் படித்ததும் முகம் மலர்ந்தது. "உடற்பயிற்சி! செலவே இல்லாத விசயம். எல்லாருக்கும் குடுப்போம்."

மூன்றாவதுக்கு எழுந்து நின்றுவிட்டார். "ஒரே பக்கமா பாரம். ஆ, அங்கதான் வியாதி! மத்தக் கை என்ன செய்யுது?"

"சும்மா தொங்குது சேர்."

"ஹரி, சரிதானே! அதுக்கும் ஒரு வாளி குடுங்க."

சொன்னால் நம்புங்கள், எனக்குப் புல்லரித்தது. அன்றைக்கே உட்கார்ந்து 'இடுப்புச் சமநிலைத் திட்டம்' என்று பதினொரு பக்கத்துக்கு எழுதிக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

மறுவாரமே பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கிற அதே இடத்தில், பயிற்சி தொடங்கியது. ஐம்பது பெண்கள் சாக்கு விரித்து மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்க வேண்டும். எண்ணுகிறவர் முத்துவீரன் கங்காணி. அவருக்கு எண்ணுவதென்றால் சிங்களம்தான்.

"எக்காய்! தெக்காய்! துனாய்! இருவது தடவ தூக்கணும். கொறஞ்சா அரப்பேருதான், சொல்லிட்டேன்!"

அதாவது அரைநாள் சம்பளம். ஆரோக்கியத்தில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கும் கம்பனி வேறு எங்கே இருக்கிறது? அவர்களில் மல்லிகா என்பவள் ஆறாவது தூக்கலில் தூங்கியே போனாள். 'ஆழ்ந்த தளர்வு நிலை எய்தப்பட்டது' என்று அறிக்கையில் பதிந்தேன்.

இரண்டு வாளித் திட்டமும் ஓகோவென்று நடந்தது. இரண்டாவது வாளியை நிரப்ப மரம் வேண்டுமே? முந்நூறு மரத்தை நானூற்றைம்பது ஆக்கினோம், வைத்தியத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டும். வலிக்கிறது என்று முறைப்பாடு செய்தவர்களுக்கு இன்னும் பத்துத் தூக்கல் எழுதிக் கொடுத்தோம். இரண்டாவது கிழமையிலேயே முறைப்பாடு பூச்சியம். இப்படி ஒரு மருந்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

செலினாவின் வலது கால் மட்டும் திட்டத்துக்கு ஒத்துழைக்கவில்லை. மேட்டில் ஏறும்போது அது மண்ணில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. பாதி வழியில் இரண்டு வாளியையும் இறக்கிவைத்து, மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பார்க்கவே பாவமாக இருந்தது. அதனால் நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து 'நல்வாழ்வு'ப் பணிப்பாளர் அம்மா, ஆட்கள் மொழியில் நோனா, கமராக்காரனோடு வந்து இறங்கினார்.

"யாராவது ஒருத்தர் செய்து காட்டுங்களேன்" என்றார் நோனா.

தொர செலினாவைக் கை காட்டினார். முதல் நோயாளி, முதல் வெற்றி. செலினா முன்னால் வந்து கும்பிட்டாள்.

"நாங்க படிக்காதவங்க நோனா. தப்பும் தவறுமாத்தான் ரெண்டு வாளியையும் தூக்குறோம். எங்க தொர ஒரு தடவ தூக்கிக் காட்டுனாருன்னா சரியான மொறையப் பாத்துக்குவோம்."

பெண்கள் கை தட்டினார்கள். கமரா தொரையின் பக்கம் திரும்பியது. கமரா திரும்பிய பிறகு எந்தத் தொர மாட்டேன் என்பார்? நிறைந்த வாளி இரண்டைத் தூக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, மேட்டில் ஏறினார். பழக்கதோசத்தில் முத்துவீரன் எண்ணத் தொடங்கினார்.

"எக்காய்! தெக்காய்! துனாய்!"

பதினேழாவது அடியில் 'கடக்' என்று ஒரு சத்தம்.

"அனே அம்மே!"

தொர சாய, வாளி சாய, பால் முழுவதும் அவருடைய நீளக் காலுறைக்குள் போய்விட்டது. நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"தலவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்" என்றார் முத்துவீரன். நான் முறைத்தேன். "நா பொதுவாச் சொன்னேங்க ஐயா" என்றார்.

இரத்தினபுரிக்கு ஜீப் பறந்தது. பார்த்தது அதே இஸ்ராதான். சீட்டு வந்தது. சாக்ரோ இலியாக் மூட்டு வலி. ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது. இந்த முறை எந்த வசனத்தையும் யாரும் அடிக்கவில்லை. வைத்தியர் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பது எங்கள் கம்பனியின் பாரம்பரியம். ஆறு கிழமை முழுச் சம்பள லீவு, பங்களாவில் ஓய்வு, ஜீப் ஆசனத்துக்கு ஒரு தலையணை. அறிவித்தலைப் பலகையில் நானே ஒட்டினேன்.

மறுநாள் செலினா சுவரைப் பிடித்துக்கொண்டே அலுவலகத்துக்குள் வந்தாள். கையில் அவளுடைய பழைய சீட்டு.

"ஐயா, பலகையில பாத்தேன். தொரைக்கு வந்திருக்கறதும் எனக்கு வந்திருக்கறதும் ஒரே பேரு. பாத்ததும் அதே புள்ள. அவரு பதினேழு அடி நடந்தாரு, ஆறு கெழம. நா இருவத்திரெண்டு வருசம் நடந்திருக்கேன். எனக்கு எத்தன கெழமைங்க ஐயா?"

கணக்கில் நான் கொஞ்சம் மட்டு. ஆனாலும் நியாயம் உறைத்தது. உள்ளதைச் சொல்கிறேன், வெட்கமாகவும் இருந்தது. இரண்டு சீட்டையும் பிரதி எடுத்து, 'தயவுசெய்து ஒரே விதமாகக் கவனிக்கவும்' என்று எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச் செயல் அது.

ஐந்தாம் நாள் சுற்றறிக்கை வந்தது. செலினாவை உட்காரச் சொன்னேன். அவளால் உட்கார முடியவில்லை. நின்றபடியே கேட்டாள். நான் வாசித்தேன்:

"மேற்படி மூட்டானது நிறைவேற்றுத் தரத்து உத்தியோகத்தர்களுக்கு மாத்திரமே அங்கீகரிக்கப்பட்டுள்ளது. தொழிலாளர் தரத்தில் அவ்வாறான மூட்டு எதுவும் இல்லை என்பதை இத்தால் அறியத் தருகிறோம்."

செலினா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்படின்னா ஐயா, எனக்கு வலிக்குதே, இது யாரோட எலும்புங்க?"

இதில் கேட்க என்ன இருக்கிறது? அவள் குடியிருக்கும் லயம் கம்பனியுடையது. மரம் கம்பனியுடையது, வாளி கம்பனியுடையது. எலும்பும் கம்பனியுடையதாகத்தான் இருக்கும். பின்னே, அடுத்தவள் எலும்பை இருபத்திரண்டு வருடம் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துத் தேய்ப்பதற்கு நாங்கள் என்ன திருடர்களா?