தலைமுழுகிய பிள்ளை

“உங்கப்பாவுக்கு ரெண்டு காப்பீடு இருக்கு சார். அதனாலதான் ஒண்ணும் கிடைக்க மாட்டேங்குது” என்றார், போனில் பேசிய அரசுக் காப்பீட்டு அலுவலர்.

கடல் கடந்த நாட்டில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடி அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஊரில் அப்பாவுக்கு இதய வால்வு பழுது. மாற்றாவிட்டால் இந்த வருஷத்தைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“முதல்ல உங்க தனியார் காப்பீடு தரட்டும். அவங்க கையை விரிச்சா எங்ககிட்ட வாங்க.”

அவனுடைய கம்பெனி எடுத்திருந்த தனியார் காப்பீட்டில் அப்பா பெயரும் இருந்தது. விசாரித்தான். அப்பா இங்கே வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் உண்டு, ஊரில் படுத்தால் இல்லை என்றார்கள். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் மனிதர் விமானம் ஏறுவதாவது!

அப்பா பெயரை நீக்கச் சொன்னான். அந்த ஒரு வேலை மட்டும் அன்றைக்கே நடந்தது.

“தனியார் இல்லையா? ரொம்ப நல்லது” என்றார் அரசு அலுவலர். “ஆனா வெளிநாட்டுல சம்பாதிக்கிற பிள்ளை இருக்கே சார். எங்க திட்டம் ஆதரவு இல்லாதவங்களுக்கு.”

மறுபடி கம்பெனிக்கு ஓடினான். புதிதாகச் சேர்த்தால் பழைய நோய்க்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டுமாம். இருந்ததும் போச்சு.

அந்த வாரக் கடைசியில் அப்பாவே கூப்பிட்டார். மூச்சிரைப்புக்கு நடுவே குரலில் ஒரு வெற்றி.

“டேய், கிடைச்சிருச்சுடா. புதன்கிழமை ஆபரேஷன்.”

“எப்படிப்பா?”

“நேரா ஆபீசுக்குப் போய் உன்னைத் தலைமுழுகிட்டேன். பிள்ளையே கிடையாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?”

“யாரைக் கேக்கறது? எனக்குத்தான் பிள்ளையே இல்லையே.”

அவன் லீவு வாங்கிக்கொண்டு பறந்தான். விமான நிலையத்திலிருந்து பையும் கையுமாக நேரே வார்டுக்குள் நுழைந்தான்.

“யாரு நீங்க?” என்றாள் நர்ஸ்.

“இவரோட மகன்.”

“இவருக்கு மகன் இல்லையே!”

“அப்பா, சொல்லுங்கப்பா.”

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை.

“யாரும்மா இது? எனக்குத் தெரியாது.”

நர்ஸ் கதவைக் காட்டினாள். அவன் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றான். வார்டு வாசலில் இருந்த காவலாளி, அவன் பையில் தொங்கிய விமான லக்கேஜ் அட்டையைப் பார்த்தார். பார்வையாளர் புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினார்.

“பக்கத்து வீட்டுக்காரர்னு எழுதிட்டு உள்ள போங்க தம்பி. இந்த வார்டுல எல்லாருக்கும் பக்கத்து வீடு வெளிநாட்டுலதான்.”