ஒரே ஒரு பதினேழு

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மைத்துனரின் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த நிபுணர், சேஸிஸில் இருந்த துருவைத் துணியால் துடைத்தார். துடைத்ததும் டார்ச் வாயிலிருந்து நழுவி மார்பில் விழுந்தது. இரும்பில் பதினேழு என்று நம்பர் அடித்திருந்தது.

இதில் அதிர என்ன இருக்கிறது? இருக்கிறது. இந்தக் காரைச் செய்த பழைய தொழிற்சாலை பந்தயத்துக்கென்றே கட்டிய கார்கள் மொத்தம் இருபது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அதன் பதிவேட்டில் பதினேழு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை ஆறு வருஷத்துக்கு முன்பே ஒரு பல் டாக்டரின் வீட்டில் பார்த்து, அசல் என்று கையெழுத்துப் போட்டவர் சாட்சாத் இவரேதான். பழைய பந்தயக் கார்களில் எது அசல், எது போலி என்று சொல்வதுதான் இவர் பிழைப்பு. இவர் வாக்குத் தப்பாது என்று எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத நாட்களில் இவரே சொல்லிக்கொள்வார்.

"பதினேழுதானே மாப்ள?" மைத்துனரின் செருப்புகள் மட்டும் தெரிந்தன.

"ஒரே துரு மச்சான். பதினொண்ணு மாதிரியும் தெரியுது."

சமாளித்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். மைத்துனரோ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாகத் தேய்த்து, பதினேழைப் பளபளவென்று படம் பிடித்து, பழைய கார் சங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார்.

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மனிதர் தொட்டது எதுவும் துலங்கியதில்லை. கடை வைத்தார், படுத்துவிட்டது. கல்யாணம் செய்தார், அதுவும் நிலைக்கவில்லை. மூடிப்போன பெட்ரோல் பங்கின் பின்கட்டில் மக்கிக் கிடந்த இந்தக் காரை எட்டு வருஷம் ஒற்றை ஆளாகச் சீர்செய்ததுதான் அவர் உருப்படியாகச் செய்த ஒரே காரியம். அசல் என்று சான்றிதழ் கிடைத்தால் சங்கத்தின் பந்தயத்தில் அவர் அதை ஓட்டலாம். நிபுணருக்கு வாழ்க்கைப்பட்ட தங்கை பார்க்க ஒரு தடவையாவது தலைநிமிர்ந்து நிற்கலாம். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

படத்தைப் பார்த்த பல் டாக்டர் மறுநாளே வந்து நின்றார். தன் கார் அசலா இல்லையா என்று மரியாதையாகத்தான் கேட்டார், ஆனால் கூடவே ஒரு வக்கீலையும் அழைத்து வந்திருந்தார். நிபுணர் உடனே பேனாவை எடுத்தார். உலகத்தில் பதினேழு டாக்டரின் கார் ஒன்றுதான் என்று இரண்டாவது கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

எழுதிக் கொடுத்த பிறகுதான் டாக்டரின் காரை மறுபடி பார்க்கப் போனார். எல்லாம் அசல். திரும்பி வந்து மைத்துனரின் காரைப் பார்த்தார். அதுவும் எல்லாம் அசல். அதே வெல்டிங், அதே எழுத்து, இரண்டு ஏழுக்கும் கால் ஒரே பக்கம் கோணியிருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று ஒரு வாக்கியம் தமிழில் இருக்கத்தான் செய்கிறது. நிபுணர்களுக்கு மட்டும் அது செத்தாலும் வாயில் வராது.

மைத்துனரின் கார் போலி என்று எழுதினார்.

வீட்டில் மனைவி சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு நின்றாள். "எங்க அண்ணன் எட்டு வருஷமா ஒரு பொய்யையா துடைச்சுக்கிட்டு இருந்தாரு?"

ஆமாம் என்றார். வைத்த தட்டை அவள் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போலி என்று தீர்ப்பானால் உறுப்பினர்கள் முன்னிலையில் நம்பரை அழிக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அழிப்பது தீர்ப்பெழுதியவர் பொறுப்பு. நிபுணர் கிரைண்டரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனார். வெளிச்சம் பிடிக்க யாரும் முன்வராததால் மைத்துனரே டார்ச்சுடன் பக்கத்தில் வந்து படுத்தார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்ள. எனக்கு என்ன தெரியும்?"

இப்படிச் சொன்னதற்குப் பதில் அவர் இரண்டு அறை விட்டிருக்கலாம் என்று நிபுணருக்குத் தோன்றியது. பொறி பறக்க ஏழு போனது, பிறகு ஒன்றும் போனது. அடுத்த வாரம் மைத்துனர் காரை இரும்புக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே அதை நசுக்கிக் கட்டியாக்கிவிட்டார்கள்.

பல் டாக்டருக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. ஒரே பதினேழுக்கு விழா எடுத்தார். நிபுணருக்கு முன்வரிசையில் இடம். மனைவி வரமாட்டேன் என்றவள், கடைசியில் வந்து, இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். அந்தத் தொழிற்சாலையில் சேஸிஸ்களுக்கு நம்பர் அடித்த தொழிலாளி ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்து, டாக்டர் அவரையும் தேடிப்பிடித்துக் கூட்டி வந்திருந்தார். இத்தனை வருஷத்தில் பதிவேட்டைப் பார்த்த நிபுணர், எழுதியவர்களைத் தேடிப் போனதே இல்லை.

தொழிலாளி, விழாவுக்காகத் தூக்கி நிறுத்தியிருந்த காருக்கு அடியில் மெல்லக் குனிந்து, நம்பரை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"நான் அடிச்சதுதான். என்கிட்ட இருந்த ஏழு கொஞ்சம் கோணல்."

கூட்டம் கைதட்டியது. நிபுணருக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது. எழுந்துபோய்ப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவரோ அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, கூடத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"வெளிநாட்டுப் பந்தயத்துக்கு எல்லை தாண்ட ஒரு வண்டிக்குத்தான் பேப்பர் குடுப்பாங்க. நாங்க ரெண்டு வண்டியில ஒரே நம்பரை அடிச்சு, பதிவேட்டுல ஒண்ணை மட்டும் எழுதி, அந்த ஒரு பேப்பரையே ரெண்டு தடவை காட்டிருவோம். ஆமா, இன்னொரு பதினேழு எங்க சார்?"