அண்ணாந்து நடப்பவர்

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கிறவர்களில் அண்ணாந்தார் என்றொரு இனம் உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் உங்களைப் பார்த்திருக்கமாட்டார். அரண்மனையோ தேவாலயமோ, வாசலைத் தாண்டியதும் வாயைத் திறந்து, கழுத்தை மடித்து, கூரையில் பறக்கும் கொழுத்த தேவதைகளையும் பொன்முலாம் பூசிய பூக்கொடிகளையும் பார்த்தபடி, எதிரே வருபவரின் காலை மிதித்து, தூணிடம் மன்னிப்புக் கேட்டு நகர்வார்.

லண்டன் ரெய்னர்ஸ் லேன் சிவானந்தன் இந்த இனத்தின் தலைமகன். கோச் பஸ்ஸில் ரோமுக்குப் போய்வந்து கழுவிய படங்கள் அத்தனையும் கூரை.

‘அப்ப நான் உங்களோட வரேல்லையோ?’ என்றாள் மனைவி பாமா.

‘வந்தனீர்தானே. இந்தா, இந்த மூலையில உம்மட குடை நுனி தெரியுது.’

தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கோடையில் மகள் ராஜிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. வட லண்டன் எட்மண்டனிலிருந்து மாப்பிள்ளையின் பெற்றோர் முருகேசனும் தவநாயகியும் வந்தார்கள். வடையும் தேத்தண்ணியும் கொடுத்து வீட்டிலேயே பேசி முடிக்கவேண்டிய விஷயம். சிவானந்தன் விட்டாரா? எல்லாரையும் தேம்ஸ் கரையிலுள்ள பழைய மாளிகை ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

‘சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கதையுங்கோ,’ என்று பாமா முழங்கையால் இடித்தாள்.

‘ஓம், ஓம். அக்கா, மேல பாருங்கோ. அந்தத் தேவதைக்கு ஆறு விரல்.’

தவநாயகி பார்க்கவில்லை.

‘இல்லை, நல்லா அண்ணாந்து பாருங்கோ,’ என்று சொல்லிக்கொண்டே பின்புறமாக நடந்த சிவானந்தன், திறந்திருந்த கதவு வழியாக அடுத்த மண்டபத்துக்குள் போய்விட்டார். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. இந்த மணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பதிவாளர் கேட்டு முடிக்கவும், அந்த மண்டபத்துக் கூரையைக் கண்ட சிவானந்தன் பரவசப்பட்டுக் கையை உயர்த்தவும் சரியாக இருந்தது.

சபை உறைந்தது. மணப்பெண் மாப்பிள்ளையை முறைத்தாள். மாப்பிள்ளைக்கு வியர்த்தது. பெண்ணின் தாய் மட்டும் சிவானந்தனை நம்பிக்கையோடு பார்த்தார்.

பதிவாளர் காரணம் கேட்டார்.

‘சீலிங்,’ என்றார் சிவானந்தன்.

பாமா அவருடைய கோட்டைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். சம்பந்தம் போயிற்று என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு முதல்தடவையாகச் சிவானந்தன் தலை குனிந்தார். குனிந்தவர் கண்ணில் தவநாயகியின் கழுத்தைச் சுற்றியிருந்த தடித்த வெள்ளைப் பட்டை பட்டது.

‘அக்கா, இது எப்ப?’

‘கழுத்து எலும்பு பிசகினது. அண்ணாந்து பாக்க ஏலாது எண்டு காலமை உங்கட வாசல்லயே சொன்னனான்.’

முருகேசன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தவநாயகிக்குச் சிரித்தால் நோகும், ஆனாலும் சிரித்தார்.

‘பாமா, நீர் அழாதையும்,’ என்றார் தவநாயகி. ‘என்ர மூத்தவன்ர மாமியார் வந்தால் கட்டிலுக்குக் கீழ தூசி இருக்கோ எண்டு குனிஞ்சு பாக்கிற மனுசி. இப்பிடியொரு சம்பந்தி கிடைக்க நான் குடுத்து வைச்சிருக்கோணும். எங்களுக்கு ஓம்.’

நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்களா? சந்தோஷம். கடைசியாகப் போன கல்யாணத்தில் மண்டபத்துக் கூரை எப்படி இருந்தது? உடனே ஞாபகம் வருகிறதல்லவா?

சரி, மாப்பிள்ளையின் முகம்?