வேண்டாத குமிழ்

டேபிள் ஃபேன் மேஜைமேல் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. மேலாளரின் காபிக் கோப்பையை இடித்துச் சாய்த்துவிட்டு, அவர் மடியை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"பிடிங்கய்யா அதை!"

அந்த ஃபேனின் வடிவமைப்பாளர் பாய்ந்து பிடித்தார். ஆபீசில் அவருக்கு 'வீண் சார்' என்று பெயர். 'லீன்' என்கிற சிக்கனத் தயாரிப்புப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் "இது வீண்" என்பதே பேச்சு. வாங்கியவருக்கு உதவாத எதுவும் வீண், அதை வடிவத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சொன்ன பாடம். எது உதவுகிறது என்று தெரிய, வாங்கியவர் வீட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டுமாம்.

அதற்காக ஊரெல்லாம் அலைவானேன்? அவர் முன்பு வடிவமைத்த ஃபேன் அவர் வீட்டுக் கூடத்திலேயே ஓடுகிறதே!

பார்த்தார். எந்த மாலையில் வீட்டுக்குள் நுழைந்தாலும் மனைவியும் மாமியாரும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். மாமியார் காதில் பஞ்சுகூட இருக்கும். காற்று அவ்வளவு பலம் என்று அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். இதுவரை ஒரு குறை சொன்னதில்லை, நல்ல மனுஷிகள். ஆனால் ஃபேனை இருபுறமும் திருப்பும் குமிழை யாரும் தொடுவதில்லை. வேகத்தைக் குறைப்பதில்லை. கழுத்தை நிமிர்த்துவதில்லை.

ஆகவே புது ஃபேனில் அத்தனையையும் எடுத்துவிட்டார். இவ்வளவும் போனபின் அடியில் கனம் எதற்கு என்று அதையும் எடுத்தார். அதனால்தான் அது இப்போது நடை பழகுகிறது.

"இது இன்னிக்குத் தேறலேன்னா, நாளையிலேர்ந்து நீங்க புகார்ப் பிரிவுதான்," என்றார் மேலாளர், சட்டையைத் துடைத்தபடி.

புகார்ப் பிரிவு என்றால் காலை முதல் மாலை வரை போனில் திட்டு வாங்குகிற உத்தியோகம்.

"அடியில ரப்பர் ஒட்டிட்டா சரியாயிடும் சார்."

ஒட்டினார். ஃபேன் நடப்பதை நிறுத்தி, மல்லாந்து விழுந்து கூரைக்குக் காற்று வீசியது.

"மேஜையோட சேர்த்து முடுக்கிடறேன் சார்."

முடுக்கினார். இப்போது அது அசையவில்லை. காற்று நேராக மேலாளர் முகத்தில் அறைந்தது. மேஜைக் காகிதங்கள் ஜன்னல் வழியே பறந்தன.

"கொறைங்கய்யா!"

"கொறைக்கிற சுவிட்ச் வீண்னு எடுத்துட்டேன் சார்."

"அந்தப் பக்கமாவது திருப்புங்க!"

"அதுவும்..."

கடைசியில் கணக்காளரும் காவலாளியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மேஜையையே திருப்பினார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையை அந்த அறை கண்ணால் பார்த்தது.

"எந்தப் புண்ணியவான் சொன்னான் இதெல்லாம் வேண்டாம்னு?" என்று கத்தினார் மேலாளர்.

"வாங்கினவங்களே சார்! எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

"சரி, இப்பவே போவோம்."

வீண் சாரின் ஸ்கூட்டர் ஆபீசிலேயே நிற்க, இருவரும் மேலாளரின் காரில் போனார்கள்.

மனைவி கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். கணவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க, வண்டிச் சத்தமே கேக்கல?"

"சாரோட கார்ல வந்தேன்."

"ஒரு நிமிஷம் இருங்க. வீடு போட்டது போட்டபடி கெடக்கு."

கதவைச் சாத்தினாள். உள்ளே எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம். பிறகு கதவு அகலத் திறந்தது. கூடத்தில் அவருடைய ஃபேன் வாசலைப் பார்த்து முழு வேகத்தில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எதிரே மாமியார், மூச்சு இரைக்க, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா சார்?" வீண் சார் மாமியாரைக் கைகாட்டினார். "எந்நேரமும் இப்படித்தான். இவங்களுக்காகத்தான் சார் நான் டிசைன் பண்றதே. இருங்க, தண்ணி கொண்டு வரேன்."

அவர் சமையலறைக்குள் போனார். மேலாளர் குமிழைத் தொட்டுப் பார்த்தார். விரலில் தூசி அப்பியது.

"ஏம்மா, உண்மையச் சொல்லுங்க. நீங்க இந்தக் குமிழைத் தொட்டதே இல்லையா? எல்லாப் பக்கமும் காத்து வேணாமா?"

மனைவி தன் தாயாருக்குக் கண்ணைக் காட்டினாள், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மாமியாருக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். பஞ்சை எடுத்துவிட்டு, கையில் தண்ணீரோடு மாப்பிள்ளை பின்னால் வந்து நிற்பது தெரியாமல், ரகசியமாகச் சொன்னார்:

"எல்லாப் பக்கமும் வீசற நல்ல ஃபேன்தான் கட்டிலுக்கு அடியில இருக்கே சார், மாப்பிள்ளை வண்டிச் சத்தம் கேட்டாத்தான் அதை உள்ள தள்ளிட்டு இதை எடுத்து வைப்போம். பாவம், ஆசை ஆசையாச் செஞ்ச புள்ள, மனசு நோகக் கூடாது பாருங்க!"