யோகராஜின் நாற்பது பெருந்தலைகள்

தேர்வுக் குழு என்ற அரிய அமைப்பு மட்டும் உலகத்தில் தோன்றியிராவிட்டால், மனிதகுலம் இன்னமும் திறமை என்கிற ஒன்றை நம்பி மோசம் போய்க்கொண்டிருக்கும். நல்லவேளையாகக் கொடைக்கானலில் அந்த ஆபத்து இல்லை. அங்கே மலைமுகடு மனமகிழ் மன்றம் இருக்கிறது. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டில் அம்மன்றம் ஆற்றிய அரும்பணியைப் பயபக்தியோடு கேட்க வேண்டும்.

யோகராஜிடம் அந்தப் பயபக்திதான் கொஞ்சம் குறைச்சல். மற்றபடி நல்ல பிள்ளை. ஏரிக்கரை ஓரத்து லாட்ஜ் ஒன்றில் அறை கூட்டிப் படுக்கை விரிக்கிற வேலை. வயது இருபத்தாறு. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற கூலிக் குடியிருப்பில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவன். அவன் அம்மா வேலம்மா பெரும்பாறைப் பக்கம் நாள்கூலிக்குக் காப்பிப் பழம் பறிக்கிறாள்.

லாட்ஜுக்கு வரும் பணக்காரப் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் விட்டுப்போன சீட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தே ‘கோட்டைப் போர்’ ஆட்டத்தில் யோகராஜ் புலியாகிவிட்டான். சீட்டு என்றதும் யாரும் போலீஸை நினைத்துப் பதற வேண்டாம். இது கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று பாக்கெட்டில் அடைத்து விற்கிற, படம் போட்ட, கௌரவமான சீட்டு. பாக்கெட்டைப் பிரித்தால்தான் உள்ளே ராஜாவா சேவகனா என்று தெரியும். ஆளுக்கு நாற்பது சீட்டு. முதல் சுற்றில் ஒரு பலம் கிடைக்கும், இரண்டாம் சுற்றில் இரண்டு, இப்படியே ஏறும். சீட்டின் மூலையில் எட்டு என்று போட்டிருந்தால் எட்டாம் சுற்றில்தான் அதை மேசையில் இறக்கலாம். ஒன்று என்றிருந்தால் உடனே இறக்கி, எதிராளியின் கோட்டையை இடிக்க ஆரம்பிக்கலாம். கோட்டை விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

பழநியில் போட்டி. ஜெயிப்பவருக்குக் கம்பெனியின் மலைப்பகுதி விற்பனைப் பிரதிநிதி வேலை, மாதச் சம்பளத்தோடு. யோகராஜுக்கு அந்த வேலை வேண்டும். அம்மாவைத் தோட்டத்திலிருந்து நிறுத்திவிட வேண்டும்; சரிவில் ஏறி இறங்கி அவள் முழங்கால் ஒரு வருஷமாக வீங்கியே கிடக்கிறது. ஆனால் கம்பெனி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. ஊருக்கு ஒருவர்தான் ஆடலாம். அவருடைய சீட்டுப் பட்டியலில் பதிவு பெற்ற மன்றத்தின் முத்திரை இருக்க வேண்டும். முத்திரைக்குப் பிறகு ஒரு சீட்டைக்கூட மாற்றக் கூடாது.

முத்திரை கேட்டு யோகராஜ் மன்றத்துக்குப் போனான். முத்திரையைச் சும்மா குத்திக் கொடுத்துவிட அது என்ன தபாலாபீஸா? உடனே ‘சீட்டுத் தேர்வு உயர்நிலைக் குழு’ அமைந்தது. தலைவர் நல்லசாமி, தாலுகா ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர். செயலாளர் சிவராமன், ஹோம்மேட் சாக்லேட்டும் தைலமும் விற்கும் கடைக்காரர். உறுப்பினர் சுந்தராம்பாள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. மூவரில் ஒருவருக்கும் ஆட்டம் தெரியாது. ஆகவே பாரபட்சத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

யோகராஜ் தன் நாற்பது சீட்டையும் மேசையில் பரப்பினான். கல்லுடைப்பவன், மண் சுமப்பவள், ஏணிக்காரன், தண்ணீர் இறைப்பவன். மூலைகளில் எல்லாம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

நல்லசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “என்னப்பா இது, ஒருத்தன் கால்லயும் செருப்பக் காணோம்?”

“இவுங்கதான் சார் வெரசா எறங்குவாங்க. மொதச் சுத்துலயே இடிக்க ஆரம்பிச்சிரலாம்.”

“கொடைக்கானல் பேருல போற கட்டுப்பா. ஒரு டீசன்சி வேணாமா?” என்றார் சிவராமன். “டூரிஸ்ட் என்ன நெனைப்பான்?”

சுந்தராம்பாள் மண் சுமப்பவளை எடுத்துப் பார்த்துக் கண் கலங்கினார். “பாவம், தலையில எம்புட்டுப் பெரிய கூடை! பாக்கவே சகிக்கல. இவள எடுத்துருங்க.” இரக்கத்தின் பேரில் அவள் நீக்கப்பட்டாள்.

நல்லசாமி அதற்குள் ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்துவிட்டார். மூலையில் இருக்கும் எண் வேறொன்றுமில்லை, பதவி நிலை! முப்பத்தைந்து வருஷ அனுபவம் என்றால் சும்மாவா? “எட்டுன்னா முதல்நிலை அதிகாரி. ஒண்ணுன்னா கடைநிலை ஊழியர். நீ என்னடான்னா கட்டு பூராவும் கடைநிலையா ரொப்பி வச்சிருக்க!”

“அது பதவி இல்ல சார். எறக்குறதுக்கு ஆகுற பலம். எட்டு வர்றதுக்குள்ள நம்ம கோட்டை காலி.”

“பதவி ஒசந்தா பலமும் கூடத்தான ஆகும்? அதைத்தான நானும் சொல்றேன்.”

யோகராஜ் வேறு வழியில் சொல்லிப் பார்த்தான். “சார், தோட்டத்துல தொரை இருப்பாரு, கணக்கப்புள்ள இருப்பாரு, கங்காணி இருப்பாரு. அம்புட்டுப் பேரும் இருந்து, கொழுந்து கிள்ள ஆளு இல்லாட்டி என்ன சார் நடக்கும்?”

“நிர்வாகம் நடக்கும்ல?” என்றார் நல்லசாமி.

மன்றம் கம்பெனியிடமிருந்து சீட்டுகளைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தது. மூவரும் நான்கு நாள் உட்கார்ந்து பாக்கெட்டுகளைப் பிரித்தார்கள். சேவகர்கள் குப்பைக்கூடைக்குப் போனார்கள். சக்கரவர்த்திகளும் மகாமந்திரிகளும் தளபதிகளும் ராஜகுருக்களுமாக, எட்டுக்குக் குறையாத நாற்பது பெருந்தலைகள் தேறினார்கள்.

யோகராஜ் கெஞ்சினான். “ஒரே ஒரு கல்லுடைக்கிறவனையாச்சும் விடுங்க சார்.”

மன்றம் ஜனநாயக முறைப்படி இயங்குவது; தெய்வ பக்தியும் உண்டு. சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்துக்கு முன்னால் பூப் போட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ வந்தால் கல்லுடைப்பவன் உள்ளே. சிவப்பு வந்தால் வெளியே. சிவராமன் இரண்டு பொட்டலம் மடித்துப் போட, சுந்தராம்பாள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். சிவப்பு. யோகராஜ் சந்தேகப்பட்டு மற்றதையும் பிரித்தான். அதிலும் சிவப்பு.

“பாத்தியா,” நல்லசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “முருகனே ரெண்டு தடவ சொல்லிட்டாரு.”

முத்திரை விழுந்தது.

போட்டியன்று முதல் பஸ்ஸில் பழநிக்கு இறங்கினார்கள். ஆடுவதற்கு ஒருவன், மேற்பார்வைக்கு மூவர். கல்யாண மண்டபத்தில் யோகராஜுக்கு எதிரே உட்கார்ந்தது தாரணி என்ற பத்தாம் வகுப்புப் பெண். ஆயக்குடியில் கொய்யா விற்கிற குப்பம்மாளின் மகள். அவள் முதல் சுற்றிலேயே கல்லுடைப்பவனை இறக்கினாள். அடுத்த சுற்றில் இரண்டு மண் சுமப்பவள். யோகராஜ் கையில் சக்கரவர்த்திகளை விசிறிபோல் விரித்துப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

நாலாவது சுற்றில் அந்தப் பெண்ணுக்கே பொறுக்கவில்லை. “அண்ணே, ஒரு சீட்டாவது எறக்குங்கண்ணே. ஆளில்லாத வீட்ட இடிக்கிற மாதிரி இருக்கு.”

“எறக்க முடியாது பாப்பா. எல்லாரும் பெரிய மனுசங்க.”

ஆறாவது சுற்றில் கோட்டை விழுந்தது. சாயங்காலத்துக்குள் தாரணி மற்ற எல்லோரையும் இடித்துத் தள்ளினாள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு உத்தியோகம் தர முடியாதென்று கம்பெனி மேலாளர் ஜெயமுருகன் ஒரு புத்தகப் பை கொடுத்தார். பிறகு வேலைக்கு ஆள் தேடிப் பட்டியல்களைப் புரட்டியவர் கொடைக்கானல் பட்டியலில் திகைத்து நின்றார்.

“நாப்பதும் எட்டா! எத்தனை பெட்டிங்க பிரிச்சீங்க?”

“பதினாறு,” என்றார் நல்லசாமி, அடக்கத்தோடு.

“இப்படி வாங்கத் தெரிஞ்சவருக்குத்தானுங்க விக்கவும் தெரியும்!” ஜெயமுருகன் அந்த இடத்திலேயே நல்லசாமியை மலைப்பகுதி விற்பனைப் பிரதிநிதியாக நியமித்தார். சிவராமன் கைதட்டினார். சுந்தராம்பாள் பஞ்சாமிர்தம் வாங்கப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் யோகராஜ் அம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் கொண்டை ஊசி வளைவு முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். பின்னிருக்கையில் மன்றம் தோல்விக்கான அறிக்கையைத் தயாரித்துக்கொண்டு வந்தது: ‘கட்டில் குறையேதும் இல்லை. எட்டாம் சுற்று வரை தோற்காமல் காத்திருக்கும் பொறுமை ஆட்டக்காரரிடம் இல்லை.’

அடுத்த வாரம் கம்பெனியின் சரக்கு, பன்னிரண்டு பெரிய பெட்டி, பஸ்ஸில் வந்து கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியது. சாரல் பிடித்துக்கொண்டது. பிரதிநிதி நல்லசாமி குடையோடு வந்தார். இரு பக்கமும் செயலாளரும் உறுப்பினரும். யோகராஜுக்கு ஆள் போயிற்று.

“ஏலே யோகராசு, வாப்பா. வேல வேலன்னு அலைஞ்சீல்ல? ஒனக்குன்னு ஒரு சோலி வச்சிருக்கேன். இதெல்லாம் வெரசா மன்றத்துக்குத் தூக்கிட்டுப் போ. நனையுதுல்ல?”

யோகராஜ் பெட்டிகளைப் பார்த்தான். மூவரையும் பார்த்தான்.

“நீங்க முத்திர குத்துன நாப்பது பேரு சும்மாதான சார் இருக்காங்க? அவுங்கள்ல யாரையாச்சும் எறக்குங்க,” என்று சொல்லிவிட்டு, கூட்ட வேண்டிய அறைகள் இருந்ததால் லாட்ஜுக்குத் திரும்பிப் போனான்.

இந்த நன்றிகெட்ட சொல்லுக்கெல்லாம் மன்றம் மனம் தளருமா? அங்கேயே, பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே, அவசரக் கூட்டம் கூடியது. எந்தப் பெட்டியை முதலில் தூக்குவது, தூக்குபவருக்கு என்ன பதவிப் பெயர், எல்லாம் தீர்மானமாயிற்று. அட்டை ஊறிச் சக்கரவர்த்திகள் ஒவ்வொருவராகச் சாக்கடைப் பக்கம் நகரத் தொடங்கியபோதும், குனிந்து எடுக்க அங்கே ஒரு கை இல்லை. இருந்த மூவர் கைகளும் தீர்மானத்தை ஆதரித்து உயர்ந்திருந்தன.